டயப்பர் தூளும் போர் தண்ணீரும்

குழந்தைகளுக்கான டயப்பர் ஒன்றைக் கிழித்துப் பாலிதீன் பைக்குள் போட்டு உதறினேன். பஞ்சிலிருந்து, ஈரத்தை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூளைப் பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மூக்கில் ஏறும்; கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

சுத்தமான தண்ணீரில் தன் எடையைப் போல 300 மடங்குகூட ஊறும் என்று படித்திருந்தேன். திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் ஒரு கிராம் தூளைப் போட்டு, டீ வடிகட்டியில் வடித்து எடை பார்த்தால் வெறும் 70 கிராம். மட்டமான தூள் என்று திட்டிவிட்டேன். பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கேன் தண்ணீரில் அதே ஒரு கிராம் 210 கிராம் ஆனது. தூளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் உள்ள எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ள, உள்ளிருக்கும் சோடியம் தண்ணீரை இழுக்க, தூள் ஊதுகிறது. வெளியிலும் உப்பு இருந்தால் அந்த இழுவை தளர்ந்துவிடும். போர் தண்ணீரின் கால்சியமோ சங்கிலிகளைச் சேர்த்து முடிச்சே போட்டுவிடும்.

அடுத்தது அமிலம். ஊறிய ஜெல்லில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பளிங்குத் துண்டுகள்போல நின்றது தொய்ந்து, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் கோத்தது. பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் நீரைக் கக்கிவிட்டது. அமிலத்தின் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டதும் சுமை போய்விடுகிறது. தள்ளுவதற்கு ஆள் இல்லை. மீட்கலாமென்று சமையல் சோடா போட்டேன். நுரைத்துப் பொங்கியது, ஊறவில்லை. சோடாவும் உப்புதானே! கேன் தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகு மெல்ல மெல்ல 95 கிராம் வரை வந்தது.

வெப்பநிலைச் சோதனை சப்பென்று முடிந்தது. வெந்நீரில் சீக்கிரம் ஊறியது, அவ்வளவுதான். எடையில் பெரிய வித்தியாசமில்லை. 1978இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியலாளர் டோயோய்ச்சி டனாகா, வெப்பநிலை சற்றே மாறியதற்கு ஒரு ஜெல் சட்டென்று சுருங்குவதைக் காட்டினார். அது அக்ரிலமைடு ஜெல். ஊறியிருந்ததும் அசிட்டோன் கலந்த நீரில். வெறும் நீரிலேயே அப்படிச் செய்வது பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடு என்ற இன்னொரு ஜெல். சுமார் 32 டிகிரிக்கு மேல் போனால் நீரைக் கக்கிச் சுருங்கிவிடும். சித்திரை மாதத்து மதுரையில் அதை ஊற வைக்க ஃபிரிட்ஜ்தான் கதி. வீட்டில் தயாரிக்கும் சரக்கும் இல்லை.

அலசிய ஜெல்லை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஜிகர்தண்டாவுக்காக ஊறிக்கொண்டிருந்த பாதாம் பிசினும் பார்வைக்கு அச்சு அசல் அதேபோல இருந்ததால், அம்மா தன் கிண்ணத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தார்.