37 சென்சாரை விட ஒரு நல்ல பிரெட்போர்டு முக்கியம்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்புத் தேர்வை முடித்த கையோடு, "மாமா, எனக்கு அர்டுயினோ கத்துக்கணும், வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டாள். நாம் எழுதும் நிரலின்படி விளக்கு, சென்சார் போன்றவற்றை இயக்கும் சின்னச் சர்க்யூட் போர்டுதான் அர்டுயினோ. இணையத்தில் தேடி, புதிதாகக் கற்பவர்களுக்கு என்று போட்டிருந்த ஒரு கிட்டை வரவழைத்தேன். லீவில் மூன்று வாரம் தினமும் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

முதலில் போர்டு. அர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா என்ற ஊரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காகத் தொடங்கியது. அதன் சர்க்யூட் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், அதனால்தான் மலிவான கிட்டுகளில் பெரும்பாலும் குளோன் ஊனோ (ஊனோ என்ற அர்டுயினோ போர்டின் நகல்) வருகிறது. குளோன் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அதே ஏடிமெகா328பி சிப்தான், அதே 16 மெகாஹெர்ட்ஸ், அதே 32 கிலோபைட் நினைவகம். ஆனால் யூஎஸ்பிக்கு சிஎச்340 சிப் போட்டிருந்தார்கள், எங்கள் லேப்டாப்பில் அதற்கு டிரைவர் (அந்தச் சிப்போடு லேப்டாப் பேச உதவும் மென்பொருள்) தனியாக ஏற்ற வேண்டியிருந்தது. இது தெரியாமல் முதல் நாள் சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்று, சிப் நீளமாக, 28 காலோடு சாக்கெட்டில் செருகியிருக்கும் போர்டாகப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகள் தப்பாக ஒயர் கொடுத்து ஒரு பின் (சிப்பின் கால்) எரிந்துபோனால் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் (யூஎஸ்பி வழியாக நிரல் ஏற்ற உதவும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் ஏற்கெனவே ஏற்றிய சிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும்).

அப்புறம் பட்டன். பட்டனை அழுத்தினால் எல்இடி எரிய வேண்டும், அவ்வளவுதான் பாடம். அவள் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரியாகச் செருகியிருந்தாள். பட்டனைத் தொடாமலே எல்இடி எரிந்தது. கையை ஒயர் பக்கம் கொண்டுபோனால் மினுக்குகிறது, எடுத்தால் அணைகிறது, சில சமயம் எடுத்த பிறகும் எரிகிறது. "நான் தொடவே இல்லையே மாமா!" என்று கையை முன்னும் பின்னும் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டனை அழுத்தாதபோது அந்தப் பின் 5 வோல்ட்டோடும் சேரவில்லை, கிரவுண்டோடும் சேரவில்லை, அந்தரத்தில் நிற்கிறது. வீட்டு ஒயரிங்கிலிருந்து வரும் இரைச்சலைக்கூட நம் உடம்பு வழியாகப் பிடித்துக்கொள்கிறது. ரெசிஸ்டர் அதைக் கிரவுண்டோடு கட்டிப்போடுகிறது. இவ்வளவு அருமையான பாடத்துக்குக் கையேட்டில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை, படமும் நிரலும் மட்டும்தான். நிரலைக் காப்பியடித்து ஓட வைப்பதைக் கற்றுக்கொண்டதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரிலும் இதே கதை. எதிரொலி வந்த நேரத்தை 58ஆல் வகு என்று மட்டும் போட்டிருந்தது. ஏன் 58? பள்ளியில் எதிரொலிக் கணக்கு போட்டவள்தானே, நோட்டை எடுக்கச் சொன்னேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 29 மைக்ரோ நொடி, போய்த் திரும்ப 58. விடை வந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு பகுதியே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

இப்போது குறை. பெட்டி மேல் 37 சென்சார் என்று பெரிதாகப் போட்டிருந்தது, நாங்கள் தொட்டது எட்டோ ஒன்பதோ. ஆனால் எல்லாவற்றையும் தாங்க வேண்டிய பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயரைத் துளைகளில் செருகிச் சர்க்யூட் அமைக்கும் பலகை) மட்டமானது. மேசை ஆடினால் எல்இடி அணைகிறது, சில துளைகள் ஒயரைப் பிடிப்பதே இல்லை, ஓரத்தில் பவர் போகும் சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருப்பதைக் கவனிக்காமல் பாதிச் சர்க்யூட்டுக்கு மின்சாரமே போகவில்லை. இரண்டு நாள் நிரலில் தப்புத் தேடினோம், நிரலில் தப்பே இல்லை. புதிதாகக் கற்கிற பிள்ளைக்குத் தப்பு நிரலிலா ஒயரிலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எல்லாம் தன் தப்பு என்றுதான் நினைக்கும். அவளும் "எனக்கு இது வராது போல" என்றாள். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அடுத்த நாளே சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு நல்ல பிரெட்போர்டும், வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் சின்ன மல்டிமீட்டரும் வாங்கி வந்தேன். மல்டிமீட்டர் இல்லாத கிட்டை முழுமையான கிட் என்று நான் சொல்ல மாட்டேன். ரெசிஸ்டர் விஷயத்திலும் அதுதான் காப்பாற்றியது: ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேல் உள்ள நிறப் பட்டைகளை வைத்துத்தான் படிக்க வேண்டும், கையேட்டில் நான்கு பட்டை நிற அட்டவணை, பெட்டியில் வந்தது ஐந்து பட்டை போட்ட நீல நிற ரெசிஸ்டர். டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பு எது, சிவப்பு எது என்று பிரித்துப் பார்ப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

வெப்பநிலைச் சென்சார் டிஎச்டி11 இரண்டு டிகிரி முன்னே பின்னே காட்டும், அதன் இயல்பே அதுதான், பழுது என்று நினைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிட்டில் ஒரு ரிலே (போர்டின் சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) இருந்தது, கையேட்டில் அதை வைத்து 230 வோல்ட் பல்பு எரிய வைக்கும் படமும் இருந்தது. பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கவே கூடாது. நான் ரிலேயை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். 5 வோல்ட்டிலேயே கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கிட் எப்படி என்று கேட்டால், போர்டுக்காகவும் சென்சார்களுக்காகவும் வாங்கலாம், பிரெட்போர்டுக்கும் மல்டிமீட்டருக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும்.

மூன்றாவது வாரம் அவளே ஒன்று ஆரம்பித்தாள், கையேட்டில் இல்லாதது. மாடித் தொட்டி நிறைந்து வழியும் முன் கீழே பஸ்ஸர் அடிக்க வேண்டுமாம். கிட்டில் வந்த அல்ட்ராசோனிக் சென்சார் தொட்டிக்குள் இருக்கும் ஈரத்தைத் தாங்காது, நீர் புகாத வகை தனியாகக் கிடைக்கிறது. ஆனால் அது சுமார் 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதைச் சரியாக அளக்காது என்று சொன்னேன். தொட்டி மூடிக்கும் தண்ணீர் நிறையும் இடத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, டேப்பை எடுத்துக்கொண்டு இப்போது மாடிக்குப் போயிருக்கிறாள்.