வேலூர்ல மைனஸ் நாப்பது டிகிரி

எங்க வீட்டுக்காரர் ஆன்லைன்ல ஒரு பொருள் வாங்கிட்டா அதுக்கு ஒரு வேல கெடைக்கிற வரைக்கும் மனுஷனுக்கு சோறு எறங்காது, ட்ரில்லிங் மெஷின் வாங்கினப்ப எங்க ஹால் செவுரு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இந்தத் தடவ வந்தது காருக்கு என்ன கோளாறுன்னு சொல்ற ஸ்கேனர். ஈஎல்எம்327ன்னு பேரு, உள்ளங்கையில அடங்கற நீல கலர் டப்பா, ஸ்டியரிங்குக்கு கீழ பதினாறு பின் சாக்கெட் ஒண்ணு இருக்குமாம், அதுல சொருகி ப்ளூடூத்ல போனோட சேத்துட்டா கார் பேசுமாம். ஆனா கார் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. அது அவருக்கு தீராத மனக்கொறை.

போன வாரம் சத்துவாச்சாரி சிக்னல்ல நிக்கும்போது டேஷ்போர்டுல மஞ்சளா இன்ஜின் லைட்டு எரிஞ்சுச்சு பாருங்க, எனக்கு செலவ நெனச்சு வயித்த கலக்குது, பக்கத்துல திரும்பினா மனுஷன் முகத்துல தலதீபாவளி சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா ட்ரைவர் சீட்டுல தலகீழா படுத்து கால் ரெண்டையும் வெளிய நீட்டிட்டு சாக்கெட்ட தேட ஆரம்பிச்சாரு. எதிர்வீட்டு அக்கா அண்ணனுக்கு மயக்கமான்னு பதறி சோடாவோட ஓடி வந்துட்டாங்க. சொருகி, 1234ன்னு பாஸ்வேர்டு போட்டு, ஆப்ப தெறந்தா பி0113ன்னு ஒரு கோடு, கோளாறுக்கு வெச்ச நம்பராம். என்ன ஏதுன்னு படிக்கணும்ல? படிக்கல. கிளியர் பட்டன அமுக்கிட்டாரு. லைட்டு போச்சு. "பாத்தியா, இதுக்கே வெளிய ஸ்கேனிங் சார்ஜுன்னு தனியா பில்லு போட்டிருப்பான்"னு காலர தூக்கி விட்டுக்கிட்டாரு.

ராத்திரி தோசைக்கு நடுவுல எங்க எல்லாருக்கும் பாடம். முதல் எழுத்து பி-ன்னா இன்ஜின் கியர்பாக்ஸ் சமாச்சாரம், சி-ன்னா பிரேக்கு சேசிஸ், யூ-ன்னா காருக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கலன்னு அர்த்தமாம் (அப்ப எங்க வீட்டுக்கு மாசத்துல பாதி நாள் யூ கோடுதான்). அடுத்து சைபர் வந்தா எல்லா கம்பெனிக்கும் பொது, அதுக்கடுத்து ஒண்ணுன்னா காத்து பெட்ரோல் கணக்கு, மூணுன்னா ஸ்பார்க் சரியில்ல. அமெரிக்காவுல 1996லயே எல்லா புது காருக்கும் இத கட்டாயமாக்கிட்டான், நமக்கு 2013 ஆச்சுன்னு ஒரு பெருமூச்சு வேற. மாமா மட்டும் தோசைக்கு சட்னி பத்தலன்னாரு.

மறுநாள் காட்பாடி மேம்பாலம் ஏறி எறங்கறதுக்குள்ள லைட்டு திரும்ப எரிஞ்சுது. கிளியர். பாகாயம் போனோம், எரிஞ்சுது. கிளியர். இதுக்குள்ள சேதி தெருவுல பரவி ஆளாளுக்கு வண்டிய கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்தறாங்க. பக்கத்து வீட்டு சாரோட கார்ல பி0420, சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒழுங்கா வேல செய்யலன்னு அர்த்தம், அதுக்குள்ள பிளாட்டினம் பல்லேடியம் எல்லாம் இருக்கும் சார், மாத்தறதுன்னா பெரிய செலவுன்னு இவரு சொல்ல, அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. உடனே அதையும் கிளியர் பண்ணி சந்தோஷமா அனுப்பி வெச்சுட்டாரு. அடுத்த வாரம் எரியும்போது யார திட்டுவாங்க? வாசல்ல கோலம் போடற என்னத்தான்.

நம்ம கார் மட்டும் அடங்கற மாதிரி தெரியல. கடைசியில லைவ் டேட்டா பாக்கறேன்னு உக்காந்தாரு. இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூடு மைனஸ் நாப்பது டிகிரின்னு காட்டுது. மத்தியானம் ஒரு மணி, சித்திர வெயில், கார் கதவ தொட்டா கை பொத்துப் போவுது. அத்தை எட்டிப் பாத்துட்டு "நாப்பதுதானே, நம்மூருக்கு கம்மிதான்"னாங்க. மைனஸ்ம்மான்னாரு. "எதுவா இருந்தா என்னடா, வேக்காடு வேக்காடுதான்."

வேற வழியில்லாம ஆற்காடு ரோட்டு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். எத்தன தடவ அழிச்சீங்கன்னு கேட்டதுக்கு இவரு சீலிங்க பாக்கறாரு. "சார், கோடு வந்த நேரம் இன்ஜின் என்ன சூட்டுல, என்ன ஸ்பீடுல இருந்துச்சுன்னு அதுலயே ஒரு ரெக்கார்டு நிக்கும், கிளியர் அடிச்சா அதுவும் சேந்து போயிடும். பொணத்த எரிச்சுட்டு போஸ்ட்மார்ட்டத்துக்கு வந்தா நான் என்ன பண்றது?"ன்னாரு அண்ணன். எனக்கு அப்படியே அவருக்கு ஒரு மால வாங்கிப் போடணும் போல இருந்துச்சு.

பானெட்ட தெறந்து ஏர் ஃபில்டர் பக்கத்துல கைய விட்டாரு, அறுந்த ஒயர் ஒண்ணு நீட்டிட்டு வந்துச்சு. உள்ள போற காத்தோட சூட்ட அளக்கற சென்சாரோட ஒயராம் அது. அந்த சென்சார்ல குளிர குளிர ரெசிஸ்டன்ஸ், அதான் கரண்ட தடுக்கற அளவு, ஏறுமாம், ஒயரே அறுந்துட்டா கம்ப்யூட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் எல்ல இல்லாம ஏறின மாதிரி தெரியுமாம், அதான் அளவுகோல்ல இருக்கற கடைசி குளிரான மைனஸ் நாப்பத காட்டிட்டு நின்னுருச்சு. அறுத்தது யாருன்னு கேக்கவே வேணாம். பேட்டரி சந்துல நிலக்கடல தோலு, அத்தையோட பழைய புடவ கிழிசல் எல்லாம் வெச்சு எலி ஒண்ணு சொகமா குடித்தனம் நடத்தியிருக்கு. கடல எங்க மொட்டமாடியில காய வெச்சது.

சால்டர் வெச்சு ஸ்லீவ் போட்டதும் லைட்டு ஒழிஞ்சுது, இதுவரைக்கும் வரல. எலிக்கு மருந்து வைக்கலாம்னா அத்தை விடல, பிள்ளையார் வாகனமாம். அப்ப நம்ம வாகனம்னு இவரு கேட்டு ரெண்டு நாள் யூ கோடு ஓடுச்சு. கடைசியில மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரி புகையில வாங்கி சின்னச் சின்ன துணி மூட்டையா கட்டி இன்ஜின சுத்தி தொங்க விட்டாச்சு, அந்த வாசனைக்கு எலி வராதாம்.

எலி வரல. ஆனா டாக்டர் சொல்லி புகையிலய விட்டுட்ட எங்க மாமா இருக்காரே, கார் பக்கமே வராத மனுஷன், இப்ப தெனம் விடிகாலையில "இன்ஜின் ஆயில் பாக்கறேம்மா"ன்னு பானெட்ட தெறந்துட்டு நிக்கறாரு. நேத்து அத்தை எண்ணிப் பாத்தாங்க, ஒரு மூட்ட கொறையுது. எலிதான் தூக்கிட்டுப் போயிருக்கும்ங்கறாரு.