வெள்ளை வாஷர், கருப்பு வாஷர்

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை, ரெண்டாவது ஸ்டேஜில் எங்கள் பட்டறை. ஒரு லேத், ஒரு மில்லிங், கையால் அழுத்துகிற மோல்டிங் மெஷின் ஒன்று, வாடகை ஷட்டர். நாற்காலிக்கால் புஷ், குழாய் மூடி, பக்கத்துக் கம்பெனிக்கு ஸ்பேசர் என்று ஓடிக்கொண்டிருக்கிற இடம். இதற்குள் கிணற்றுக்குக் கையால் சுற்றுகிற கயிறு பம்ப் எப்படி நுழைந்தது என்று வீட்டுக்காரி இன்னமும் கேட்கிறாள். பெரியம்மாவால் என்றால் சண்டை வரும். அதனால் 2024 மார்ச் மேல் பழியைப் போட்டுவிடுவேன்.

அந்த மார்ச்சைப் பெங்களூரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரில் பாதி போர்வெல் காய்ந்துபோய், டேங்கர்காரர் போனை எடுத்தாலே பெரிய விஷயமாக இருந்தது. அதே வாரம் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். "கெணத்துல தண்ணி கெடக்குதுடா கண்ணு. எடுக்கத்தான் நாதியில்ல."

நாற்பத்தைந்து அடிக் கிணறு, பாறை வெட்டு. கோடையில் அடியில் ஆறேழு அடி தண்ணீர் நிற்கும். மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிவிட்டுக் காற்றை இழுக்கும், மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்று, அந்தக் காயில், புகைந்துவிடும். ரெண்டு தடவை காயில் கட்டினோம். மூன்றாவது தடவை பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டார். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, எங்கள் பக்கம் ஆழத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால் அந்தத் திட்டம் பெரிய விடுதலை. ஆனால் ரெண்டு மாட்டுக்கும் துணிக்கும் பாத்திரத்துக்கும் கிணறுதான். எழுபத்திரண்டு வயசில் ராட்டினத்தில் வாளி இழுத்தால் தோள் என்னாகும்?

கயிறு பம்ப் பற்றி முன்பே ஒரு வரைபடம் பார்த்து வைத்திருந்தேன். விஷயம் இவ்வளவுதான். கிணற்றுக்குள் ஒரு பிவிசி குழாய் நிற்கும். அதன் வழியாக ஒரு கயிறு மேலே வந்து, சக்கரத்தைச் சுற்றி, வெளிப்பக்கமாகத் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கும். முனை இல்லாத கயிறு, மாலை மாதிரி. அதில் மீட்டருக்கு ஒரு வாஷர், குழாய்க்குள் தொட்டும் தொடாமலும் போகிற அளவில். கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு வாஷரும் தன் தலைமேல் ஒரு மீட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். வால்வு கிடையாது, கம்பி கிடையாது, தண்ணீரைத் தூக்குகிற தோல் வளையம், அந்த லெதர் பக்கெட்டும் கிடையாது. பழைய சங்கதிதான். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் சுரங்கங்களில் சங்கிலியில் முடி அடைத்த பந்துகளைக் கோத்து இப்படித்தான் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாயும் நைலான் கயிறும் வந்த பிறகு அது சல்லிசான விலைக்கு இறங்கிவிட்டது.

கணக்கு போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு ஆசை வந்தது. முக்கால் இஞ்ச் குழாய், உள்விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். நாற்பத்தைந்து அடிக்கும் நிற்கிற தண்ணீர் மொத்தமே ஐந்து லிட்டர்தான். அதாவது கைக்கு எப்போதும் ஐந்து கிலோ பாரம், கூடக் கொஞ்சம் உராய்வு. கயிறு நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் பதினைந்து லிட்டர் குடம் ஒரு நிமிஷத்துக்குள் ரொம்பும். பெரியம்மா உட்கார்ந்துகொண்டே சுற்றலாம். ஆழம் கூடினால் குழாயை இளைக்க வேண்டும், அவ்வளவுதான். அரை இஞ்ச் குழாயில் நூறு அடிக்கு மேல்கூட இறைக்கிறார்கள், தண்ணீர் குறைவாக வரும்.

சக்கரத்துக்குக் காசே இல்லை. பழைய கார் டயரின் ரெண்டு பக்க ஓரங்களை வட்டமாக அறுத்து, முதுகுக்கு முதுகு சேர்த்து போல்ட் போட்டால் நடுவில் வி பள்ளம் கிடைக்கும். கயிறு அதில் வழுக்காது. வாஷருக்கு மட்டும் நான் டை அடித்தேன், அதாவது பிளாஸ்டிக்கை அழுத்தி வார்க்கிற இரும்பு அச்சு. வேண்டாம் என்று பார்ட்னர் சொன்னார். கேட்டேனா? இருபத்திரண்டாயிரம் ரூபாய் ஸ்டீல், மூணு ராத்திரி. உள்விட்டத்தைவிடக் கால் மில்லி சின்னதாக, ஹெச்டிபிஈ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில், வெள்ளை வெளேரென்று முப்பது வாஷர். மேஜைமேல் அடுக்கி வைத்து போட்டோகூட எடுத்தேன்.

குழாயை பஸ்ஸில் ஏற்ற முடியாதே என்று ஊரிலேயே வாங்கினேன். அங்கேதான் சறுக்கல். பிவிசி குழாய்க்கு நம்மூரில் வெளிவிட்டம்தான் அளவு. முக்கால் இஞ்ச் என்று நாம் கேட்பது 25 மில்லி, அதாவது வெளியே 25. எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்கிற பிரஷர் கிளாஸ் ஏற ஏறச் சுவர் தடிக்கும், உள்ளே சுருங்கும். பீன்யாவில் நான் அளந்தது ஒரு கிளாஸ், போச்சம்பள்ளிக் கடையில் தந்தது அதைவிட ஒரு படி மேல். "நல்ல குவாலிட்டி சார்" என்று அவர் பெருமையாகத்தான் கொடுத்தார். கயிறு ஏழாவது வாஷரோடு குழாயில் உட்கார்ந்துவிட்டது. முப்பது வருஷமாக மைக்ரோமீட்டர் பிடிக்கிறவன், கடையில் குழாய் வாயில் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வாசல் திண்ணையில் உட்கார்ந்து முப்பது வாஷரையும் உப்புத்தாளில் தேய்த்தேன்.

மறுநாள் தண்ணீர் வந்தது. முதலில் சளக் சளக் என்று, பிறகு விரல் தடிமனில் ஒரே சீராக. தெருவே கூடிவிட்டது. பெருமையில் கைப்பிடியை விட்டேன் பாருங்கள், குழாயில் நின்ற தண்ணீர் வாஷர்களைக் கீழே தள்ள, சக்கரம் பின்னால் சுழன்று கைப்பிடி என் தாடையில் அறைந்தது. பெரியம்மா சிரித்த சிரிப்பு! அப்புறம் ஒரு டயர் துண்டை நாக்கு மாதிரி பிரேமில் அடித்து, சக்கரம் பின்னால் போகாமல் நிறுத்தினோம். வரைபடத்தில் அது இருந்தது. நான்தான் தேவையில்லை என்று விட்டிருந்தேன்.

பத்தாம் நாள் போன். "சக்கரம் சுத்துது, தண்ணி வரல." புதுக் கயிறு இழுபட்டு நீண்டு, சக்கரத்தில் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. இதற்காக நான் ஓசூர் தாண்டிப் போக முடியுமா? சைக்கிள் கடைக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். பஞ்சர் ஒட்டுகிறவர், என் வயசுதான். "அவுத்து ரெண்டு ஜாண் வெட்டி முடிச்சு போடணும், அவ்ளோதானண்ணா?" என்றார். அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஊர் எல்லையில் பஞ்சாயத்துக் கைப்பம்ப் ஒன்று நிற்கிறது, இந்தியா மார்க் 2. அதைக் குறை சொல்ல மாட்டேன். எழுபதுகளில் யுனிசெப் துணையோடு, ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனியின் மெட்ராஸ் தொழிற்சாலையும் சேர்ந்து உருவாக்கி, கோயமுத்தூர்ப் பக்கம் ஓட்டிப் பார்த்துத் தேற்றின இரும்புக் குதிரை அது. நாள் முழுக்க ஊரே அடித்தாலும் தாங்கும். ஆனால் உள்ளே ஒரு பக்கெட் வாஷர் தேய்ந்தால் கம்பியையும் இரும்புக் குழாயையும் மொத்தமாகத் தூக்க வேண்டும். அதற்குச் சாமானும் ஆளும் வண்டியும் வேண்டும். எங்கள் ஊர் பம்ப் அப்படி எட்டு மாசமாக ஆளுக்குக் காத்திருக்கிறது. கயிறு பம்ப்புக்கு ஒரு கத்தியும் முடிச்சு போடத் தெரிந்த கையும் போதும்.

மத்திய அமெரிக்காவில் நிகராகுவா நாட்டில் கயிறு பம்ப் பரவின கதையைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. எண்பதுகளில் அங்கே போன பம்ப், தொண்ணூறுகளில் லாஸ் செட்ரோஸ் என்ற ஊர்ப் பட்டறையிலிருந்து பல்லாயிரக்கணக்கில் பரவியது. பட்டறைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கவில்லை. ரேடியோவில் விளம்பரம் செய்து விற்றார்கள், கேரண்டி கொடுத்தார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் முதலில் காசு கொடுத்து வாங்கினார்கள். பண்ணைக்காரர் வீட்டில் இருக்கிற பொருள் என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆசை வருமில்லையா?

நான் செய்தது நேரெதிர். சொந்தக்காரர்கள் ரெண்டு பேர் கிணற்றுக்குச் சும்மா மாட்டிக்கொடுத்தேன். ஒன்றில் கயிறு இற்று அப்படியே தொங்குகிறது, "உன் பம்ப் ரிப்பேர்" என்று என்னிடமே சொல்கிறார்கள். இன்னொன்றின் சக்கரத்தில் பையன் ஊஞ்சல் கட்டிவிட்டான். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கினவர் ஒரே ஒருத்தர், மாகடி ரோட்டில் செடி நர்சரி வைத்திருக்கும் கன்னடக்காரர். அவர் வீட்டில் மழைநீரை இறக்குகிற ரீசார்ஜ் கிணறு இருபதடி. 'ஹக்கத பம்ப்' (கன்னடத்தில் கயிறு பம்ப்) என்று வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டுகிறார், எண்ணெய் போடுகிறார், பெயிண்டுகூட அடித்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இது பெரிசாக ஓடாது என்றும் தெரியும். விவசாயத்துக்கு இலவச கரண்ட் இருக்கும்போது கையால் சுற்று என்றால் யார் கேட்பார்கள்? "ஏன்டா, பட்டணத்துல சம்பாதிச்சு எங்களக் கமல எறைக்கச் சொல்றியா?" என்று மாமா ஒருத்தர் கேட்டார். கமலை என்றால் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற பழைய முறை. பாசனத்துக்கு இது ஆகாதுதான். மோட்டாருக்குப் பத்தாத, வாளிக்குக் கனக்கிற கிணறு என்று ஒரு ரகம் இருக்கிறது. அதற்குத்தான் இது.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பெரியம்மா சுற்றிக்கொண்டிருந்தார். குழாய்க்குள்ளிருந்து மேலே வந்த கயிற்றில் ஒரு வெள்ளை, ரெண்டு கருப்பு, ஒரு வெள்ளை. என் வாஷர் உடைய உடைய சைக்கிள் கடைக்காரர் லாரி டயரில் வட்டம் வெட்டி, ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டுக் கோத்திருக்கிறார். இருபத்தெட்டில் பதினொன்றுதான் என்னுடையது. எனக்குச் சுருக்கென்றது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குடத்தை நிரப்பிப் பார்த்தேன். எழுபத்திரண்டு நொடி. என் வாஷர் மட்டும் இருந்தபோது ஐம்பத்தைந்து.

"லீக் அடிக்குது," என்றேன் கடைக்காரரிடம்.

"ஆமாண்ணா. குழா எந்த அளவா இருந்தாலும் போவுது," என்றார். பக்கத்து ஊரில் ஒரு கிணற்றுக்கு அவரே பம்ப் செய்து மாட்டியிருக்கிறாராம், ரெண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினாராம். கயிறு ஆறு மில்லி போடுவதா, ஐந்தா என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

ஆறு என்றேன். டை பட்டறையில் மேல் அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் வாங்கின விலைக்கே தருகிறேன்.