காஷ்மீரின் குல்மார்க்கில் கயிற்றெல்லையைத் தாண்டிப் பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு

கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 3,980 மீட்டரில் இறக்கிவிடும். கயிறு கட்டிய கண்காணிப்பு எல்லைக்கு வெளியே, சரிவைச் சோதித்துப் பார்க்க வேண்டியது நீங்களேதான்.

பனிச்சரிவு அதிகம் உடைவது 30 முதல் 45 டிகிரி சரிவுகளில். பனியைத் தோண்டி அடி அடுக்கைக் கையில் அள்ளுங்கள். உருண்டை பிடிக்காமல் சீனி மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தால், மேலே காற்று அடித்து இறுக்கிய பனிக்குப் பிடிமானமே இல்லை என்று அர்த்தம். காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கினால் தயவுசெய்து திரும்பிவிடுங்கள். முன்னால் நாலு பேர் போன தடம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஐந்தாவது ஆளின் எடையிலும் உடையும்.

ஆளுக்கொரு டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும், பெறும் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக மண்வெட்டி கட்டாயம். டிரான்சீவரிலிருந்து செல்போன் 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; தேடும்போது 50 செ.மீ. ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். கீழிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. புரோப் ஆளைத் தொட்டதும் உருவாதீர்கள், அப்படியே விடுங்கள். நேர் மேலே நின்று தோண்டினால் அவருடைய மூச்சுக்கான இடம் நசுங்கும். சற்றுக் கீழ்ப்பக்கம் இறங்கி, பக்கவாட்டில் தோண்டிக்கொண்டே போங்கள். முதலில் முகம், வாயிலுள்ள பனி, பிறகு நெஞ்சு.