ஊராட்சித் தண்ணீர் டேங்குகள்: படமெடுப்பு நாட்குறிப்பு

நவம்பர் 8

மன்னார்குடி வட்டாரத்து மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை வரிசையாகப் படமெடுப்பதென்று முடிவானதும், முதலில் எடுத்துப் பார்த்தது பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற புகைப்படக்காரத் தம்பதியரின் படங்களைத்தான். ஜெர்மனியில் 1959இல் சேர்ந்து வேலையைத் தொடங்கிய அவர்கள், நீர்க்கோபுரங்களையும் ஊது உலைகளையும் பல பத்தாண்டுகள் ஒரே முறையில் எடுத்தார்கள்: மேகம் மூடிய வானம், நிழல் விழாத வெளிச்சம், நேர் எதிரே கேமரா, கறுப்பு வெள்ளை. கோபுரம் சிறிதோ பெரிதோ, சட்டத்துக்குள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிற்கும். 1990 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் இந்தப் புகைப்படக்காரர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தார்கள், யோசித்தால் நியாயந்தான்.

நவம்பர் 16

வடகிழக்குப் பருவமழையின் மூட்டம் இந்த வேலைக்கு வரம். சித்திரை வெயிலில் எடுத்தால் தொட்டியின் அடிப்பாகம் கறுத்து, தூண்களின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எத்தனை தூண் என்பதே தெரியாமல் போகும். வெள்ளை வெள்ளையாகத் தெரிய கேமரா நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்திவிட்டேன். ஆட்டோவில் விட்டால் பச்சை வயலுக்கு எதிரே தொட்டியின் வெள்ளை ஒரு மாதிரியும் செங்கல் சுவருக்கு எதிரே வேறு மாதிரியும் வரும். எல்லாப் படங்களுக்கும் ஒரே பிரீசெட்டை, அதாவது முன்பே சேமித்துவைத்த நிற, ஒளித் திருத்தத்தை, போட்டால் போதும் என்கிறார் நண்பர். நிழல் விழும் திசையை எந்தப் பிரீசெட்டும் திருப்பாது.

நவம்பர் 24

கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே போகப் போக நெருங்கி, தொட்டி பின்னால் சாய்வதுபோல் தெரிகிறது. ஆகவே முக்காலியில் மட்டம் பார்த்து நிறுத்தி, தொட்டியின் உச்சி சட்டத்துக்குள் வரும்வரை பின்னால் நகர்ந்து, கீழே மிஞ்சும் வெறுந்தரையைப் பிறகு வெட்டி 4:5 விகிதத்துக்குக் கொண்டுவருகிறேன். பிக்சல்கள் வீணாகும், தூண் நேராக நிற்கும். பின்னால் போக இடமில்லாத தொட்டிகளை விட்டுவிடுவதைத் தவிர வழியில்லை.

வால்வு திறக்க வந்த டேங்க் ஆபரேட்டர், “சார், இதை இடிக்கப் போறாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றதும், “அப்ப பெயின்ட் அடிச்சப்புறம் வாங்களேன்” என்றார்.

டிசம்பர் 7

கறுப்பு வெள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தேன். படங்களை எளிதில் ஒன்றுபோல் காட்டும் வழி அதுதான் என்றாலும், நம் தொட்டிகளில் திட்டத்தின் பெயர், 30,000 லிட்டர் என்ற கொள்ளளவு, சுத்தம் செய்த நாள் எல்லாம் நீலத்திலும் சிவப்பிலும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பூச்சுகளின் வயது நிறத்தில்தான் தெரிகிறது.

பெக்கர் தம்பதியர் படத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். எனக்கோ குழாயடிக் குடங்களை நகர்த்தச் சொல்ல மனமில்லை. ஆனால் ஒரு படத்தில் குடம் இருந்து அடுத்ததில் இல்லாவிட்டால், கண் தொட்டியை விட்டுவிட்டுக் குடத்தைத் தேடும். எனவே தண்ணீர் விடும் நேரத்தில் மட்டுமே எடுப்பதென்று விதி வைத்துக்கொண்டேன். இனி வானிலைச் செய்தியோடு, எந்த ஊரில் எத்தனை மணிக்கு வால்வைத் திறப்பார்கள் என்பதையும் விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.