ஊர்லயே இருந்து வைத்தியம் பாக்குறவங்களுக்கு என்ன குடுத்தோம்?

இங்க இங்கிலாந்துல எங்க ஆஸ்பத்திரி வார்டுல என்கூட நைட் ட்யூட்டி பாக்குற ஒரு அக்கா, ஆப்பிரிக்காவுல இருக்குற மலாவி நாட்டுக்காரங்க. என்னை விட பத்து பன்னெண்டு வயசு மூத்தவங்க, அதனால அக்கானுதான் கூப்பிடுவேன், அவங்களும் அதுக்கே திரும்பிப் பாக்கப் பழகிட்டாங்க. ரெண்டு வாரம் முன்னாடி விடியக்காலம் மூணு மணிக்கு டீ குடிக்கும்போது அவங்க ஊர் மாவட்ட ஆஸ்பத்திரி பிரசவ வார்ட பத்தி சொன்னாங்க, அதுல இருந்து மனசு அங்கயே நிக்குது.

ராத்திரிக்கு மொத்த வார்டுக்கும் ஒரே நர்ஸ்தானாம். பிரசவத்துக்கு வர்ற பொண்ணு கையோட ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் (பெட்டு மேல விரிக்க), கொடி அறுக்க பிளேடு, கட்ட நூல், புள்ளைய சுத்த சிடெஞ்சே துணி (அங்க பொண்ணுங்க இடுப்புல சுத்திக்கிற துணி) எல்லாம் கொண்டு வரணும். கூட வர்ற அம்மாவையோ அக்காவையோ அங்க "கார்டியன்"னு சொல்றாங்க. சமைக்கிறது, உடம்பு துடைக்கிறது, பெட்பேன் எடுக்குறது, ரத்தம் அதிகமா போனா ஓடிப்போய் நர்ஸ கூட்டிட்டு வர்றதுன்னு நாங்க சம்பளம் வாங்கிட்டு செய்யிற வேலைல பாதிய அவங்க செஞ்சுட்டு, வெளில கார்டியன் கொட்டகைல படுத்துக்குவாங்களாம்.

2006ல உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்குல, உலகத்து நோய்ச்சுமைல (நோயால வர்ற மொத்த பாதிப்புல) 24 சதவீதம் ஆப்பிரிக்காவுல, சுகாதாரப் பணியாளர்கள் வெறும் 3 சதவீதம். இத சொன்னாலே உடனே எல்லாரும் "அதான் எல்லாரும் வெளிநாடு போயிடுறாங்களே"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. போனவங்க கதை பேசலாம், நானே ஊர விட்டு வந்தவதான். ஆனா அங்கயே இருந்து பாக்குறாங்களே, அவங்கள பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்குறாங்க?

மலாவில மாவட்ட ஆஸ்பத்திரில நடக்குற சிசேரியன்ல பெரும்பாலானத செய்யறது எம்பிபிஎஸ் டாக்டர் இல்ல, கிளினிக்கல் ஆபீசர். மூணு வருஷ டிப்ளமோ, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அப்புறம் நேரா கத்திய பிடிக்கணும். பக்கத்து நாடான மொசாம்பிக்லயும் இதே மாதிரிதான், 1975ல சுதந்திரம் வந்தப்போ போர்ச்சுகீசிய டாக்டர்ங்க பெரும்பாலும் கிளம்பிட்டாங்க, பின்னாடியே உள்நாட்டுப் போர், வேற வழியில்லாம 1984ல "டெக்னிகோ தி சிருஜியா"ன்னு ஆபரேஷன் பண்ற டெக்னீஷியன்களுக்கு ட்ரெயினிங் ஆரம்பிச்சாங்க. அவங்கள பத்தி ஒரு ஆய்வுல படிச்சத என்னால மறக்கவே முடியல: மாவட்டத்துக்குப் போட்ட டாக்டர்ல ஏழு வருஷம் கழிச்சு ஒருத்தர் கூட மாவட்ட ஆஸ்பத்திரில இல்ல, டெக்னிகோல நூத்துக்கு 88 பேர் அப்பவும் அங்கயே இருந்தாங்க.

கேக்க சந்தோஷமா இருக்குல்ல? ஆனா ஏன் இருந்தாங்கன்னு யோசிச்சா ஒரு மாதிரி ஆயிடுது. அவங்க சர்டிபிகேட்ட பெரும்பாலும் வெளிநாட்டுல யாரும் ஏத்துக்கறதில்ல, கதவு மூடியிருக்குறதும் ஒரு காரணம். போக முடியாதவங்கதானேன்னு சம்பளத்தையும் ப்ரமோஷனையும் இழுத்தடிச்சா அது நியாயமே இல்ல, என்னை பொறுத்தவரை இதுதான் இந்த விஷயத்துலயே பெரிய அநியாயம்.

குடுத்தா பலன் இருக்குங்கறதும் தெரிஞ்சதுதான். 2004ல மலாவி அரசாங்கம் பிரிட்டன் உதவியோட ஒரு அவசரத் திட்டம் போட்டு, முக்கியமான 11 வகைப் பணியாளர்களுக்கு சம்பளத்துக்கு மேல 52 சதவீதம் கூட குடுத்துச்சு, காலேஜ்ல சீட்டையும் கூட்டுச்சு. அஞ்சாறு வருஷத்துல ஆள் எண்ணிக்கை பாதிக்கு மேல கூடுச்சு. பின்னாடி கிளினிக்கல் ஆபீசர்களுக்கு ஆபரேஷன்ல டிகிரி படிப்பும் வந்துச்சு. இன்னொரு பக்கம் 2001ல நைஜீரியா தலைநகர் அபுஜாவுல கூடின ஆப்பிரிக்கத் தலைவர்கள் பட்ஜெட்ல 15 சதவீதம் சுகாதாரத்துக்குன்னு வாக்கு குடுத்தாங்க, பெரும்பாலான நாடு இன்னும் அத தொடல. காசு ஒதுக்காததால படிச்ச நர்ஸ் வேலையில்லாம வீட்டுல இருக்க, வார்டுல போஸ்டிங் காலியா கிடக்குது.

அக்காவோட தம்பி ஒரு கிளினிக்கல் ஆபீசர், பதினாறு வருஷமா ஒரே மாவட்ட ஆஸ்பத்திரி. புதுசா வர்ற டாக்டருக்கு சிசேரியன் கத்துக் குடுக்குறது அவர்தானாம், ரெண்டு வருஷத்துல அந்த டாக்டர் அவருக்கே மேலதிகாரி ஆகி அப்புறம் டவுனுக்குப் போயிடுவாராம். போன மாசம் லீவுல ஊருக்குப் போறப்போ தம்பிக்கு என்ன வேணும்னு கேட்டிருக்காங்க. கரண்ட் போனா ஆபரேஷன் நடுவுல தலைல மாட்டிக்க ஒரு நல்ல லைட், கூட நிறைய பேட்டரின்னு சொன்னாராம்.