இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக வரும் அழைப்பு

இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைச் சில மாதங்கள் கழித்து இன்னொரு கூட்டம் தேடி வருகிறது. "போன பணம் கிடைத்துவிட்டது, திருப்பித் தருகிறோம்" என்றுதான் அவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். இந்த இரண்டாவது மோசடியைப் பற்றி நம் வீடுகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கவலை.

ஈரோட்டில் இருக்கும் என் பெரியப்பா, ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை, வாட்ஸ்அப் குழு வழியாக நடந்த போலிப் பங்கு வர்த்தகத்தில் இழந்தார். புகார் கொடுத்து, மனம் ஓரளவு தேறியிருந்த நேரத்தில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. "ஐயா, சைபர் கிரைம் ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுகிறேன்" என்று மரியாதையாகத் தொடங்கியவர், எந்தத் தேதியில் எந்த வங்கியிலிருந்து எவ்வளவு போனது என்பதைப் பிசகாமல் சொன்னார். பிறகு அசோகச் சின்னம் பொறித்த ஒரு பிடிஎஃப் வந்தது. பெரியப்பாவின் பெயர், பணத்தை விடுவிப்பதாகச் சொல்லும் ஆணை, அடியில் ஜிஎஸ்டி என்று ஒரு சிறு தொகை, அதைச் செலுத்த ஒரு க்யூஆர் கோடு எல்லாம் அதில் இருந்தன. ஸ்கேன் செய்தபோது திரையில் வந்ததோ ஒரு தனிநபரின் பெயர். அருகில் இருந்த பெரியம்மா, "ஏனுங்க, கவர்மென்ட்டுக்குக் கட்டற பணம் எதுக்கு யாரோ ஒருத்தர் பேருக்குப் போகுது?" என்று கேட்டதால்தான் அந்தத் தொகை தப்பியது.

கட்டியிருந்தாலும் அதோடு முடிந்திருக்காது. ஜிஎஸ்டிக்குப் பின் செயல்முறைக் கட்டணம், அதற்குப் பின் வருமான வரி என்று தொகை ஏறிக்கொண்டே போகும். முன்பு கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற பதைப்பிலேயே அடுத்ததையும் கட்டிவிடுகிறார்கள்.

இவ்வளவு விவரம் தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருப்பார் என்று பெரியப்பா நம்பினார். ஆனால் அந்த விவரங்கள் முதலில் திருடியவர்களுக்கும் தெரியும், அவர்களிடமிருந்து ஏமாந்தவர்களின் பட்டியலை விலைக்கு வாங்கியவர்களுக்கும் தெரியும். ஆற்றாமையில் முகநூலில் எழுதுகிறவர்களுக்கு, "இந்த ஹேக்கர்தான் என் பணத்தை மீட்டுக் கொடுத்தார்" என்று ஆறுதல் சொல்லும் கணக்குகளும் இதே வகைதான். காலாவதியான பாலிசிக்கு போனஸ் வாங்கித் தருவதாக, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பெயரில் அழைப்பவர்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் உண்மையில் எப்படித் திரும்புகிறது என்பது தெரிந்திருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்க முயல்கிறார்கள். அப்படி முடக்கப்பட்ட தொகை, பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவின் பேரில், பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே வந்து சேர்கிறது. நிதி நிறுவன மோசடிகளில் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி சொத்துகள் முடக்கப்பட்டு, சென்னை, மதுரை, கோவையில் உள்ள சிறப்பு நீதிமன்றங்கள் வழியாக ஏலத் தொகை பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை இது என்பதை மறுக்க முடியாது. அந்தக் காத்திருப்பைத்தான் இந்தக் கூட்டம் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் இந்த வழிகள் எதிலும் பணத்தை விடுவிப்பதற்காக யாருடைய யுபிஐ கணக்குக்கும் கட்டணம் அனுப்ப வேண்டியதில்லை.

ஆகவே, அப்படி ஓர் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, புகார் கொடுத்த காவல் நிலையத்துக்கு நேரில் சென்றோ, நீங்களாகத் தேடி எடுத்த எண்ணில் அழைத்தோ விசாரியுங்கள். உங்களுக்கு அழைப்பு வந்த எண்ணை, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான சக்ஷு பகுதியில் தெரிவியுங்கள். அவர்கள் சொல்லி, உங்கள் கைபேசியை வேறொருவர் தொலைவிலிருந்தே இயக்க வழிவிடும் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றியிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, அதை நீக்கிவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். இரண்டாவது முறையும் பணம் போயிருந்தால், வீட்டாரிடம் சொல்லத் தயங்கி அதை மறைக்காமல், அந்த நிமிடமே 1930க்கு அழைத்துப் புதிய புகாராகப் பதிவு செய்யுங்கள். பழைய புகார் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.